மாடு வெளுத்துப் போச்சு, அப்பாரு கருத்துப் போனாரு: படம் எடிட் பண்ணப் பழகறவங்களுக்கு

ஜனவரி 18, மாலை 6.20. கேள்வி (காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி)

பட்டிப் பொங்கலுக்குத் தோட்டத்துல எடுத்த படம் இது. போன்லதான் எடுத்தேன். மாடு வெளுத்த துணி மாதிரி ஆயிருச்சு, கொம்புக்கு அடிச்ச பெயிண்ட் மட்டும் தெரியுது. பக்கத்துல வேப்பமரத்து நெழல்ல நிக்கற அப்பாரு மூஞ்சி ஒரே இருட்டு. எடிட் பண்ணிச் சரி பண்ணலாம்னு ஒருத்தர் சொல்றார். எடிட் பண்ணுனாலே ஏமாத்து வேலைதான்னு இன்னொருத்தர் சொல்றார். எங்கிருந்து ஆரம்பிக்கறது? காசு போட்டு சாப்ட்வேர் வாங்கோணுமா?

ஜனவரி 18, இரவு 9.50

காசு வேண்டாங்க தம்பி. போன்ல ஸ்னாப்சீட் போட்டுக்குங்க, கூகுளோடது, இலவசம். கம்ப்யூட்டர் இருந்தா ஜிம்ப். 1995-ல பெர்க்லி யுனிவர்சிட்டி மாணவங்க ரெண்டு பேர் ஆரம்பிச்சது, இன்னிக்கும் அஞ்சு பைசா கேக்கறதில்லை. நான் ரெண்டு வருசமா இது ரெண்டுலயேதான் ஓட்டீட்டிருக்கேன். தொழில் போட்டோ இல்லீங்க, ஈரோட்டுல ஒரு மஞ்சள் மண்டில கணக்கு எழுதறேன். அதனால நான் சொல்றதுல பாதி அனுபவம், மீதி அடிபட்டது.

எதைத் தொடறதுக்கும் முன்னால ஒரிஜினலை வேற ஃபோல்டர்ல ஒரு காப்பி வெச்சுக்குங்க. எம் மக காதுகுத்துப் படம் நாப்பதையும் வாட்ஸப்ல போடறதுக்குன்னு 600 பிக்சலுக்குச் சின்னதாக்கி, அதே பேர்லயே சேவ் பண்ணி ஒரிஜினலை முழுங்கிட்டேன். தாய்மாமன் மடியில குழந்தை அழுவற படம், இன்னிக்கு நல்லா பிரிண்ட் போடோணும்னா ரெண்டு இஞ்சுதான் வரும். தீப்பெட்டி.

இனி உங்க படம். அப்பாரு மூஞ்சியைத் தூக்கலாம், அதாவது வெளிச்சமாக்கலாம். ஸ்னாப்சீட்ல டியூன் இமேஜ்குள்ள ஷேடோஸ்னு (இருட்டுப் பகுதி) இருக்கும், அதை 30, 40 வரைக்கும் தள்ளிப் பாருங்க. அதுக்கு மேல தள்ளுனா மூஞ்சியில ரவையைத் தூவுன மாதிரி புள்ளி வந்துரும். மாட்டுக்கு ஹைலைட்ஸைக் (வெளிச்சப் பகுதி) கீழ இறக்குங்க. ஆனா மாடு முழுசாத் திரும்பி வராதுங்க. ஏன்னு நாளைக்கு எழுதறேன், மின்னல் வெட்டுது, ரூட்டரைப் புடுங்கச் சொல்லி சத்தம் போடறாங்க.

ஜனவரி 19, காலை 7.05

ஏன் வராதுன்னா: ஜேபெக் படத்துல, அதாவது போன் வழக்கமா சேவ் பண்ற படத்துல, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு நம்பர். மூணும் 255 ஆயிட்டா சுத்த வெள்ளை. உங்க மாட்டோட முதுகு, திமில், கழுத்து எல்லாம் வெயில்ல 255-ல போய் முட்டியிருச்சு. அங்க மயிரும் இல்லை, மடிப்பும் இல்லை, வெறும் 255. அதை இழுத்து 230-க்குக் கொண்டு வந்தா சாம்பல் பூசுன சுவராட்டம் தெரியுமே ஒழிய மாடு தெரியாது. இருட்டுக்குள்ள இருக்கறது அப்படியில்லை, கொஞ்சமாவது ஒளிஞ்சிருக்கும், தூக்குனா எந்திரிச்சு வரும்.

அடுத்த தடவை எடுக்கையில மாட்டு மேல விரலை வெச்சு, பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கீழ இழுத்து, படம் இருட்டா வந்தாலும் பரவால்லைன்னு எடுங்க. அப்பாரை அப்புறம் தூக்கிக்கலாம்.

ஹிஸ்டோகிராம்னு ஒண்ணு காட்டும், தெரியுங்களா? இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மலைக் கோடு மாதிரி ஏறி இறங்கும். அந்த மலை வலது சுவத்துல போய்ச் சாஞ்சு நின்னா வெளுத்துப் போச்சுன்னு அர்த்தம். மொதல் ஆறு மாசம் நான் அதை ஏதோ சிக்னல் காட்டறதாட்ட நெனைச்சு மூடி மூடி வெச்சிட்டிருந்தேன்.

ஜனவரி 19, மதியம் 1.30

மேல இருக்கறதுல ஒரு திருத்தம். "மாடு முழுசாத் திரும்பி வராது"ன்னது சரிதான், ஆனா சாப்பிடற நேரத்துல உங்க படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். வால் பக்கமும் வயித்துக்குக் கீழயும் 240, 245-ன்னுதான் இருக்கு. அங்க மிச்சம் இருக்குதுங்க. ஹைலைட்ஸை இறக்குனா தொடை எலும்பு தெரியுது. ஆக, பாதி மாடு கிடைக்கும்.

ஜனவரி 21, இரவு 10.40

ஏமாத்து வேலையாங்கற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை. எங்க மண்டில நடந்ததையே சொல்றேன்.

போன வருசம் மாசி. சரக்கு வந்து குமிஞ்சு கிடக்கு. வடக்க இருக்கற ஒரு வியாபாரிக்கு விரலி மஞ்சள் சாம்பிள் போட்டோ அனுப்பச் சொன்னார் முதலாளி. எடுத்தேன். மேல நீலத் தார்ப்பாய் கட்டியிருந்ததுனால மஞ்சள் பாசி புடிச்ச மாதிரி பச்சையா வந்துச்சு. நமக்குத்தான் எடிட்டிங் தெரியுமே, சேச்சுரேஷனை, அதாவது நெறத்தோட அடர்த்தியை, எடுத்துத் தள்ளினேன் பாருங்க, 70. தகதகன்னு இருந்துச்சு. அனுப்பிட்டேன். லோடு போய் எறங்குன அன்னிக்கு சாயந்திரம் போன். படத்துல ஒரு சரக்கு, லாரில ஒரு சரக்கான்னு கேக்கறார். விலையைக் கொறைச்சுக் குடுத்துத்தான் தீந்துச்சு.

முதலாளி சத்தம் போடலை. கிடங்குக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு விரலியை எடுத்து ஒடிச்சார். டிக்குன்னு சத்தம். உள்ள ஆரஞ்சாட்டம் நெறம். "இதைப் பாலிஷ் டிரம்முல போட்டுச் சுத்தி, மேல இருக்கற தோலு, மண்ணு, வேரு போனா உள்ள இருக்கற நெறம் வெளிய வருது. அது வேலை. வெளிய இருந்து சாயத்தைப் போட்டு ஏத்துனா அது கலப்படம். நீ எதைப் பண்ணுனே?"ன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு.

அன்னில இருந்து ஒவ்வொரு ஸ்லைடரைத் தொடும்போதும் அந்த டிரம்தான் நெனப்பு வருது. தார்ப்பாயோட நீலத்தை எடுக்கறது பாலிஷ். 70 சேச்சுரேஷன் சாயம். இது எனக்கு. கல்யாண ஆல்பம் போடறவங்களுக்கு வேற கணக்கா இருக்கலாம்.

ஜனவரி 22, காலை 6.45

"அப்ப அந்தத் தார்ப்பாய் நீலத்தை எப்படி எடுக்கறது"ன்னு கோபிக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். வொயிட் பேலன்ஸ்ங்க, வெள்ளை வெள்ளையாத் தெரியற மாதிரி நெறத்தைச் சரி பண்றது.

கண்ணு தானாச் சரி பண்ணிக்குது, கேமராவுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கொறைச்சல். வெளிச்சத்தோட நெறத்தைக் கெல்வின்னு ஒரு அளவுல சொல்வாங்க, மதிய வெயில் 5500 கெல்வின் சுமாருக்கு இருக்கும். பழைய குண்டு பல்பு 2700, 2800, அதான் அந்த வெளிச்சத்துல எடுத்த படம் எல்லாம் காவி கட்டி வருது. மேகமில்லாத நாள்ல நெழலுக்குள்ள 7000-த்தையும் தாண்டும், நீலமா வரும். எடிட் பண்ணும்போது சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். அதை எடுத்து, படத்துல எது நெசமாவே வெள்ளையோ சாம்பலோ அது மேல ஒரு தட்டு. நம்ம ஊர்ல என்ன கஷ்டம், படத்துக்குப் படம் ஒரு வெள்ளை வேட்டி நிக்கும். வேட்டி மேல தட்டுங்க, முடிஞ்சுது.

ஜனவரி 25, இரவு 11.15

முடியலீங்க. கோபிக்காரர் வேட்டி மேல தட்டுனாராம், படம் பூராவும் மஞ்சக் காமாலை வந்தாப்பல ஆயிருச்சாம். என் படத்துலயும் பண்ணிப் பாத்தேன், அதேதான். அரை மணி நேரம் மண்டையை ஒடைச்சுட்டு, வீட்டம்மாகிட்டக் கேட்டேன். "வேட்டிக்கு நீலம் போடறது உங்களுக்குத் தெரியாதா"ன்னு சிரிக்கறாங்க.

அதாங்க விசயம். சொட்டு நீலத்துல முக்குன வேட்டி கண்ணுக்குத்தான் பளீர் வெள்ளை, நெசத்துல அதுல நீலம் இருக்குது. சோப்புத் தூள்லயே வெயில் பட்டா நீலமா மின்னற சமாச்சாரமும் சேத்திருக்காங்க. அதைக் காட்டி "இதுதான் வெள்ளை"ன்னா, சாப்ட்வேர் அந்த நீலத்தைக் கழிக்கறதுக்குப் படம் முழுக்க மஞ்சளை ஊத்துது. என் யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். பழைய வேட்டி, அழுக்கு வேட்டியா இருந்தா பரவால்லை. அதைவிட சிமெண்ட் களம், ஆட்டுக்கல்லு, தார் ரோட்டு ஓரம் இதெல்லாம் மேல். எனக்குக் களத்து சிமெண்ட்தான் ஒத்து வருது.

இதுக்குன்னே கிரே கார்டுன்னு 18 சதவீத சாம்பல் அட்டை விக்கறாங்க. காங்கேயம் தம்பிக்கு எதுக்கு அது? கட்டுத்தரையில மயிலைக் காளை, சாம்பல் நெறத்துக் காளை, நின்னா அதான் கிரே கார்டு. காரியும் (கருப்பு) செவலையும் (சிவப்பு) உதவாது.

ஜனவரி 26, காலை 8.10

மயிலை சொன்னது தமாசுக்குங்க. யாரும் மாட்டு மேல தட்டிட்டு என்கிட்ட வராதீங்க. மயிலைலயும் திமில் கிட்டக் கருப்பு ஓடும். கன்னுக்குட்டியா இருந்தா மோசம், காங்கேயம் கன்னு பொறக்கையில செம்பழுப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் போகணும் நெறம் மாற.

ஜனவரி 27, இரவு 9.30

பெருந்துறையில இருந்து ஒருத்தர் எனக்கே பாடம் எடுத்திருக்கார், நல்ல பாடம். அந்தத் தகதக மஞ்சள் படத்தைத் திரும்ப எடுத்துப் பாத்துட்டு, "நெறம் போகட்டும், குவியல்ல ஒரு விரலிக்கும் இன்னொரு விரலிக்கும் நடுவுல கோடே இல்லையே, மாவு கொட்டுன மாதிரி இருக்குதே"ன்னு கேக்கறார். நான் "ஹிஸ்டோகிராம் பாத்துத்தாங்க பண்ணினேன், வலது பக்கம் முட்டலை"ன்னு வீம்பு புடிச்சேன்.

அவர் சொன்னார்: நீங்க பாத்தது மூணையும் கலந்து காட்டற ஒத்தக் கோடு. சிவப்பைத் தனியாப் பாருங்க.

ஜிம்ப்ல லெவல்ஸைத் திறந்தா மேல சேனல்னு இருக்கும், அதுல ரெட் வெச்சுப் பாத்தேன். சிவப்பு பூராவும் 255-ல போய் மடிஞ்சு உக்காந்திருக்கு. மஞ்சள்னா சிவப்பும் பச்சையும் நெறைய, நீலம் கம்மி. சேச்சுரேஷனைத் தள்ளத் தள்ள ஏற்கெனவே உச்சில இருக்கற சிவப்பு மொதல்ல முட்டுது, நீலம் கீழ போய்த் தரை தட்டுது. அப்புறம் விரலியோட மேடு பள்ளமெல்லாம் எதை வெச்சுத் தெரியும்? மாரியம்மன் கோயில் செவ்வந்தி மாலை, செவ்வரளி, சிவப்புப் பட்டு, எதுக்கும் இதே வியாதிதான். ஜனவரி 19-ல நான் எழுதுன "மலை வலது சுவத்துல சாஞ்சா"ங்கறதை, ஒரு மலை இல்லை, மூணு மலைன்னு திருத்திப் படிச்சுக்குங்க.

இப்ப என் வழக்கம் என்னன்னா, ஒரு ஸ்லைடரை நல்லாருக்குங்கற வரைக்கும் தள்ளீட்டு, எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து, பாதி தூரம் திருப்பி இறக்கறது. பத்துக்கு எட்டுத் தடவை அதான் சரியா இருக்கு.

ஜனவரி 28, காலை 7.20

காத்தாடிக்கார அண்ணனுக்கு: உடுமலைப் பக்கம் எடுத்த படத்துல பின்னால இருக்கற காத்தாலை றெக்கையை எடுக்கறதுக்கு ஹீலிங் (வேண்டாததைத் தொட்டு அழிக்கற கருவி) போதுங்க, ஆனா ஒரே இழுப்புல இழுக்காதீங்க, சின்னச் சின்னதா, பெருசாக்கி வெச்சுட்டுத் தொடுங்க. நீங்க போட்ட படத்துல காத்தாடி சுத்தமாப் போயிருச்சு. சோளக்காட்டு மேல அதோட நெழலு மட்டும் மூணு றெக்கையோட படுத்திருக்கு.

பிப்ரவரி 1, இரவு 10.05

இன்னிக்கு ஒரு வயித்தெரிச்சல். எடிட்டிங் சம்பந்தம்தான், கேளுங்க.

எங்க அம்மிச்சி, அம்மாவைப் பெத்தவங்க, போய் ஒரு வருசம் ஆகுது. சாமி கும்பிடறதுக்குப் பெரிய படம் ஒண்ணு போடலாம்னு, மாமன் மகன் போன்ல எடுத்த படத்தை ஒரு கடையில குடுத்திருந்தேன். ஃபிரேம் போட்டு வந்துச்சு. பாத்தா யாரோ ஒரு அம்மா. சுருக்கம் பூராவும் வழிச்சு எடுத்தாச்சு. நெறம் ரெண்டு படி ஏறிருச்சு. அதுகூடப் போகுது. அம்மிச்சிக்கு மோவாயில பச்சை குத்துன புள்ளி ஒண்ணு இருக்கும், மொளகு அளவு. சின்னதுல நாங்கெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பாப்போம், பத்து பேரப் பசங்க தடவியும் அழியாத புள்ளி. அதைக் காணோம். மச்சம்னு நெனைச்சு எடுத்துட்டாங்க போல இருக்கு. எங்க அம்மா படத்தைப் பாத்துட்டு ஒண்ணும் பேசலை, துண்டை எடுத்து மேல போத்தி வெச்சுட்டாங்க.

நாளைக்குக் கடையில போய்க் கேக்கப் போறேன்.

பிப்ரவரி 3, மாலை 7.00

பாதி பேர் "விடாதீங்க, நல்லாக் கேளுங்க"ன்னு எழுதியிருக்கீங்க. கேட்டேன். அதைப் பத்தித் தனியா எழுதோணும், கொஞ்சம் வெக்கமா இருக்குது, ரெண்டு நாள் குடுங்க.

நடுவுல ஷார்ப்பன் (ஓரத்தைக் கூராக்கறது) பத்திக் கேட்ட தம்பிக்கு: எல்லாம் முடிஞ்சு, சைஸ் மாத்துனதுக்கு அப்புறம், கடைசியா, கொஞ்சமா. கொம்பு ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு ஓட ஆரம்பிச்சா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். ஆட்டம் கண்ட படத்தை ஷார்ப்பன் காப்பாத்தாது.

பிப்ரவரி 6, இரவு 10.50

கடைக்காரர் மேல நான் போட்ட பழியில பாதி தப்புங்க.

போனேன். சத்தமாத்தான் ஆரம்பிச்சேன். அவர் ஒண்ணும் பேசாம கம்ப்யூட்டரைத் திருப்பி, நான் வாட்ஸப்ல அனுப்புன ஃபைலைத் திறந்து, மோவாயைப் பெருசாக்கிக் காட்டுனார். அதுலயே புள்ளி இல்லை. நான் குடுத்ததுலயே இல்லை! நெறத்தை ஏத்துனது அவர்தான், "எல்லாரும் கேப்பாங்க, அதனால பண்ணினேன்"னார். சுருக்கத்தை வழிச்சது அவர் இல்லை.

வெளிய வந்து மாமன் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவன் போன்ல பியூட்டி மோட் வாங்குன நாள்ல இருந்தே ஆன்ல இருக்கு. அதை ஆஃப் பண்ணலாம்னே அவனுக்குத் தெரியாது. பட்டனை அமுக்குன நிமிசத்துலயே போன் அம்மிச்சி மூஞ்சியைத் தேச்சு, புள்ளியையும் தொடைச்சுத்தான் சேவ் பண்ணியிருக்கு. அது பத்தாதுன்னு நான் வாட்ஸப்ல சாதாரணமா அனுப்புனதுல அதுவும் தன் பங்குக்கு அமுக்கிச் சின்னதாக்கியிருக்கு. டாக்குமெண்ட்டா அனுப்பியிருந்தா அந்தச் சேதமாவது இருந்திருக்காது. ஊருக்கெல்லாம் சொல்றவன், என் வேலைக்கு மறந்துட்டேன்.

ஏமாத்து வேலைன்னு சொல்றவர் இதைப் படிக்கறாரான்னு தெரியலை. "எடிட் பண்ணாத படம்"னு அவர் சொல்றதைப் போனே எடுத்த ஒடனே எடிட் பண்ணித்தான் கையில குடுக்குது. மூணு நாலு படம் புடிச்சு ஒட்டுது, நெறத்தை ஏத்துது, ஓரத்தைக் கூராக்குது, ஜேபெக்கா சுருட்டுது. அது வேண்டாம்னா ரா ஃபைல், கேமரா புடிச்சதை சமைக்காம அப்படியே வெக்கற ஃபைல், எடுக்கோணும், நெறைய போன்ல புரோ மோட்ல கிடைக்கும். ஜேபெக்ல ஒரு நெறத்துக்கு 256 படிதான், 12 பிட் ராவுல 4096 படி. வெளுத்த மாடு, இருட்டு மூஞ்சி ரெண்டையும் இழுத்துப் பிடிக்கறதுக்கு அதுல எடம் அதிகம். ஆனா ஆரம்பத்துலயே அதுக்குள்ள போகாதீங்க, ஒவ்வொண்ணும் கழுவாத மஞ்சள் மாதிரி மங்கலா இருக்கும், மனசு விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போச்சு, எட்டு மாசம் கழிச்சுத்தான் திரும்பித் தொட்டேன்.

அம்மிச்சிக்கு வேற படம் தேடீட்டிருக்கேன்.

பிப்ரவரி 8, காலை 9.40

கெடைச்சிருச்சு. 2016-ல என் பழைய டப்பா கேமராவுல எடுத்தது, அம்மிச்சி அரைஞாண் கயிறு திரிச்சுட்டு உக்காந்திருக்காங்க, கொஞ்சம் கோணலா, கொஞ்சம் இருட்டா. புள்ளி இருக்கு.

பண்ணது இவ்வளவுதான். கோணலை 2 டிகிரி நிமுத்தினேன். பின்னால தொங்குன பிளாஸ்டிக் பையைக் கிராப்ல வெட்டினேன். திண்ணைச் சிமெண்ட் மேல தட்டி வொயிட் பேலன்ஸ். கர்வ்ஸ்ல (வெளிச்சத்தை ஏத்தி இறக்கற வளைகோடு) நடுவுல புடிச்சு ஒரு நூல் மேல தூக்கினேன், மூஞ்சி வெளிய வந்துச்சு. சேச்சுரேஷன் தொடலை. ஒரு பல்லு இல்லாதது பளிச்சுன்னு தெரியுது, இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதே கடையிலதான் குடுத்தேன், "நெறம் தொடாதீங்க"ன்னு மேல எழுதி.

அம்மா துண்டைப் போத்தலை.

பிப்ரவரி 9, இரவு 9.15

காங்கேயம் தம்பி எடிட் பண்ணி அனுப்புன படம் பாத்தேன். ஷேடோஸ் அளவாத்தான் ஏத்தியிருக்கீங்க, அப்பாரு சிரிக்கறதே இப்பத்தான் தெரியுது. மாட்டோட முன்பக்கம் வெள்ளையாவே விட்டதும் நல்லது. சாம்பல் பூசாம விட்டீங்களே.

ரெண்டு சொல்றேன். வலது ஓரத்துல பாதி ஆள் ஒருத்தர் சோத்துத் தட்டோட நிக்கறார், அவரை வெட்டிருங்க. ஆனா இறுக்கி வெட்டாதீங்க. பிரிண்ட் கணக்கு இப்படி: இஞ்சுக்கு 300 புள்ளி இருந்தா கிட்ட நின்னு பாத்தாலும் உடையாது. 6-க்கு 4 படத்துக்கு 1800-க்கு 1200 போதும். உங்க 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000, அதாவது 13 இஞ்ச் சில்லறை அகலம் வரைக்கும் தாங்கும். நீங்க பாதிக்குப் பாதி வெட்டுனா 2000-க்கு 1500, ஆறரை இஞ்சுக்கு மேல தாங்காது. சுவத்துல தூரத்துல மாட்டறதுன்னா 200 புள்ளிலயும் சமாளிக்கலாம்.

இன்னொண்ணு, போன் ஸ்கிரீனை முழு வெளிச்சத்துல வெச்சுட்டு எடிட் பண்ணாதீங்க. பிரிண்ட் வந்தா இருட்டா இருக்கும், அப்புறம் கடைக்காரர் மேல கோவம் வரும். அந்தக் கோவம் எனக்குத் தெரியும். மொதல்ல ஒரு 6-க்கு 4 மட்டும் போட்டு, வாசல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் பெருசு போடுங்க.

மாட்டுக்குப் பேரு என்னன்னு சொல்லவே இல்லையே?